ஷட்டவுன் கொடுத்தா தானா ஆன் ஆகுது: எஸ்எம்பிஎஸ் மாத்துறதுக்கு முன்னாடி ஃபேன் நிக்குதான்னு பாருங்க

ஜூன் 3, கேள்வி

அண்ணா, அசெம்பிள் பண்ண டெஸ்க்டாப். சமீபத்துல பயாஸ் (மதர்போர்டுலயே இருக்கற அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் பண்ணேன். அதுலேர்ந்து ஷட்டவுன் கொடுத்தா ஆஃப் ஆகி ரெண்டு மூணு செகண்ட்ல தானா ஆன் ஆயிடுது. பவர் பட்டன அழுத்திப் புடிச்சோ பிளக் சுவிட்ச தட்டியோ தான் ஆஃப் பண்ண வேண்டியிருக்கு. விண்டோஸ புதுசா போட்டும் பாத்தாச்சு, அதே தான். சர்வீஸ் பண்றவர் எஸ்எம்பிஎஸ் (உள்ள கரண்ட் கொடுக்குற பெட்டி) போச்சு, மாத்திடுங்கன்னு சொல்றாரு. மாத்தலாமா?

ஜூன் 3, ராத்திரி

மாத்தாதீங்க, கொஞ்சம் பொறுங்க. ஷட்டவுன் பிரச்சனைன்னு எல்லாரும் ஒரே பேர்ல சொல்றது உள்ள பாத்தா மூணு வேற வேற விஷயம். விண்டோஸே வேலைய முடிக்காம தொங்குறது ஒண்ணு, விண்டோஸ் முடிச்சிருச்சு ஆனா கரண்ட் கட் ஆகலங்கிறது இன்னொண்ணு, கரண்டும் கட் ஆயிருச்சு ஆனா எதுவோ திரும்ப எழுப்பி விடுதுங்கிறது மூணாவது. இந்த மூணுல எதுன்னு தெரியாம விண்டோஸ் மாத்துறது, ரேம் கழட்டுறது, எஸ்எம்பிஎஸ் வாங்குறது எல்லாம் காசும் நேரமும் தான் போகும்.

பிரிச்சுப் பாக்க எந்த சாஃப்ட்வேரும் வேணாம். கேபினட் சைடு மூடிய கழட்டி வச்சுட்டு ஷட்டவுன் கொடுங்க, சிபியூ ஃபேன மட்டும் பாத்துட்டே இருங்க. ஃபேன் சுத்தமா நின்னு அப்புறம் மறுபடி சுத்த ஆரம்பிச்சா கரண்ட் ஒரு தடவ கட் ஆயிருச்சுன்னு அர்த்தம். நிக்கவே இல்லாம கொஞ்சம் வேகம் கொறஞ்சு திரும்ப ஏறி மதர்போர்டு லோகோ வந்தா அது பெரும்பாலும் ரீஸ்டார்ட் தான், அதோட காரணம் வேற. ஃபேன் ஓடிட்டே இருக்கு ஸ்கிரீன் மட்டும் கறுப்புன்னா அது நடுவுல சொன்ன வகை. இத பாத்து எழுதுங்க.

எஸ்எம்பிஎஸ் மேல எனக்கு ஏன் சந்தேகம் கம்மின்னா, ஏடிஎக்ஸ், அதாவது இப்ப டெஸ்க்டாப்ல வர்ற வகை எஸ்எம்பிஎஸ், தானா முடிவு பண்ணி ஆன் ஆகுற சாமான் இல்ல. 24 பின் கனெக்டர்ல 16வது பின்ல ஒரு பச்ச ஒயர் வரும். மதர்போர்டு அத கிரவுண்டுக்கு இழுத்தா ஆன், விட்டா ஆஃப். அப்ப தானா ஆன் ஆகுதுன்னா மதர்போர்டு தான் ஆன் ஆகச் சொல்லுது, மதர்போர்டுக்கு யாரோ சொல்றாங்க. அந்த யாரோ யாருன்னு தான் தேடணும்.

ஜூன் 4, காலைல

ராத்திரி எழுதினத திரும்ப படிச்சேன், எஸ்எம்பிஎஸ் தப்பே பண்ணாதுங்கிற மாதிரி தொனிக்குது, அப்படி இல்ல. கேம் ஆடும்போதோ ரெண்டரிங் ஓடும்போதோ பட்டுன்னு அணைஞ்சா எஸ்எம்பிஎஸ் சந்தேகப் பட்டியல்ல கட்டாயம் வரும். ஆனா ஷட்டவுன் கொடுத்தா ஒழுங்கா ஆஃப் ஆகி உடனே எழுந்திரிக்குற கேஸ்ல அது கடைசி சந்தேகம், முதல் சந்தேகம் இல்ல.

ஜூன் 4, மத்தியானம்

ஃபேன் நின்னு தான் திரும்ப சுத்துதுன்னு எழுதியிருக்கீங்க, நல்லது, பாதி முடிஞ்சுது. இப்ப ஷட்டவுன் கொடுக்குறதுக்கு முன்னாடி லேன் கேபிள மட்டும் கழட்டிட்டு கொடுங்க. அப்பவும் ஆன் ஆனா லேன திரும்ப போட்டுட்டு யூஎஸ்பில இருக்குறத எல்லாம், மவுஸ் கீபோர்டு உட்பட, கழட்டிட்டு பவர் பட்டன லேசா ஒரு தட்டு தட்டுங்க, விண்டோஸ்ல பவர் பட்டனுக்கு ஷட்டவுன்னு வச்சிருந்தா அதுவே ஷட்டவுன் ஆகும். ஒரு நேரத்துல ஒண்ணு தான். எல்லாத்தையும் ஒண்ணா புடுங்கிட்டு சரியாச்சுன்னு சொன்னா எதனால சரியாச்சுன்னு நமக்குத் தெரியாது.

ஜூன் 4, ராத்திரி

லேன் கேபிள் கழட்டினா ஆஃப் ஆகி ஆஃப்லயே இருக்குன்னு எழுதியிருக்கீங்க! அப்ப ஆள் புடிபட்டாச்சு.

கம்ப்யூட்டர் ஆஃப் ஆனாலும் பிளக்ல கரண்ட் இருக்கற வரைக்கும் எஸ்எம்பிஎஸ் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை கொடுத்துட்டே இருக்கும், ஊதா கலர் ஒயர், 9வது பின். மதர்போர்டுல ஒரு சின்ன பகுதி அத வச்சு விழிச்சிருக்கும், ஆளு தூங்குறான் காது மட்டும் தூங்கலங்கிற மாதிரி. லேன் கார்டும் அதுல தான் கேட்டுட்டு இருக்கு. வேக் ஆன் லேன்னு, நெட்வொர்க் வழியா மெஷின ஆன் பண்ற வசதிக்காக வச்சது. முறையா பாத்தா மேஜிக் பாக்கெட்னு ஒண்ணு வந்தா தான் எழுந்திரிக்கணும், அதாவது 6 பைட் முழுக்க எஃப்எஃப், அதுக்குப் பின்னாடி அந்த லேன் கார்டோட மேக் அட்ரஸ் (கார்டோட அடையாள எண்) 16 தடவ, மொத்தம் 102 பைட். இது தற்செயலா யாரும் அனுப்புற விஷயம் இல்ல. ஆனா டிரைவர்ல பேட்டர்ன் மேட்ச்னு இன்னொரு வசதியும் இருக்கு, அது ஆன்ல இருந்தா நெட்வொர்க்ல சாதாரணமா இந்த மெஷின தேடி வர்ற பாக்கெட்டே போதும் எழுப்பி விட. ரவுட்டர், டிவி, ஃபோன்னு எதாவது ஒண்ணு எப்பவும் யாரையாவது தேடிட்டே தான் இருக்கும், அதனால தான் ரெண்டு மூணு செகண்ட் கூட தாங்கல.

டிவைஸ் மேனேஜர்ல போய் நெட்வொர்க் அடாப்டர்ல உங்க லேன் கார்ட ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ். அட்வான்ஸ்டு டேப்ல வேக் ஆன் பேட்டர்ன் மேட்ச், ஷட்டவுன் வேக் ஆன் லேன் ரெண்டும் இருக்கும், டிசேபிள் பண்ணுங்க. கார்டுக்கு கார்டு பேர் கொஞ்சம் மாறும், வேக்னு ஆரம்பிக்குறது எல்லாத்தையும் ஒரு பார்வ பாத்துடுங்க. பக்கத்துல பவர் மேனேஜ்மென்ட் டேப்ல இந்த டிவைஸ் கம்ப்யூட்டர எழுப்பலாம்னு ஒரு டிக் இருக்கும், அதையும் எடுங்க.

அப்புறம் பயாஸ். பவர் ஆன் பை பிசிஐ-இ அல்லது வேக் ஆன் லேன்னு பவர் செட்டிங்ஸ் பக்கத்துல இருக்கும். பயாஸ் அப்டேட்டுக்கு அப்புறம் தான் இது ஆரம்பிச்சுதுன்னு சொன்னீங்கல்ல, காரணம் இங்க தான் இருக்கணும். அப்டேட் பண்ணும்போது பெரும்பாலான மதர்போர்டு எல்லா செட்டிங்கையும் டீஃபால்ட்டுக்கு கொண்டு போயிடும். முன்னாடி அசெம்பிள் பண்ணவர் ஆஃப் பண்ணி வச்சிருந்தது இப்ப ஆன். விண்டோஸ எத்தன தடவ புதுசா போட்டாலும் அது அப்படியே தான் இருக்கும், ஏன்னா அது விண்டோஸ்ல இல்லவே இல்ல.

ஜூன் 5

பயாஸ்ல ஈஆர்பின்னு இருக்கறத ஆன் பண்ணா ஒரே செட்டிங்ல எல்லாம் முடிஞ்சுதேன்னு ஒருத்தர் கீழ எழுதியிருக்காரு. முடியும் தான். ஐரோப்பிய யூனியன் விதிக்காக வந்தது அது, ஆஃப்ல இருக்கும்போது மெஷின் அர வாட் மாதிரி தான் இழுக்கணும்ங்கிறதுக்காக ஸ்டாண்ட்பைல ஓடுற பகுதி பெரும்பாலானதையும் வெட்டி விட்டுடும். லேன் கார்டுக்கு கரண்டே இல்லன்னா எங்க எழுப்ப. ஆனா எனக்கு இத முதல் மருந்தா கொடுக்கப் புடிக்கல. ஈஆர்பி போட்டா கீபோர்டுல ஆன் பண்ற வசதி, ஆஃப்ல இருக்கும்போது யூஎஸ்பில ஃபோன் சார்ஜ் போடுறது, வேற ரூம்லேர்ந்து வேணும்னே ஆன் பண்றது எல்லாம் சேர்ந்து போயிடும், அப்புறம் ஆறு மாசம் கழிச்சு ஃபோன் ஏன் சார்ஜ் ஏறலன்னு வேற ஒரு கேள்வியா அது வந்து நிக்கும்.

சோதனைக்கு ஈஆர்பி அருமையான சாமான். ஆன் பண்ணா பிரச்சனை நிக்குதா, அப்ப எழுப்புற ஆள் யாரோ இருக்காங்க. ஆன் பண்ணியும் நிக்கலையா, அப்ப பவர் பட்டன் ஒயர் பக்கம் போகணும். கண்டுபிடிச்சுட்டு ஈஆர்பிய எடுத்துட்டு உண்மையான செட்டிங்க சரி பண்ணுங்க.

ஜூன் 5, ராத்திரி

எழுப்புற கதைன்னு பேசும்போது மச்சான் வீட்டு மெஷின் ஞாபகம் வருது. ஷட்டவுன் பண்ணிட்டு எழுந்து போனா சில நாள் ஆன் ஆகி கிடக்கும், சில நாள் ஆகாது. லேன் கேபிளே கிடையாது அந்த மெஷின்ல. விண்டோஸ்ல வேக் பண்ற டிவைஸ் பட்டியல் எடுத்துப் பாத்தோம், பவர்சிஎஃப்ஜி கமாண்டோட டிவைஸ்கொரி வேக் ஆர்ம்டுன்னு கொடுத்தா வரும், கீபோர்டு மட்டும் தான் இருந்துச்சு. கீபோர்டு எப்படி தானா ஆன் பண்ணும்னு யோசிச்சுட்டே அவர் வழக்கம் போல ஷட்டவுன் கொடுத்து கீபோர்டு ட்ரேய உள்ள தள்ளுறத பாத்தேன். ட்ரே உள்ள போகும்போது மேஜையோட அடிப்பலகை ஓரத்துல மேல் வரிசை கீ லேசா இடிக்குது. வேகமா தள்ளுற நாள்ல கீ அழுந்துது, மெதுவா தள்ளுற நாள்ல அழுந்தல. பயாஸ்ல பவர் ஆன் பை கீபோர்டுங்கிற இடத்துல எந்த கீ அழுத்தினாலும்னு இருந்துச்சு. டிசேபிள் பண்ணோம், முடிஞ்சுது. அதுக்கு முன்னாடி அவர் மதர்போர்டே மாத்துற முடிவுல இருந்தாரு.

இன்னொண்ணு, தினம் ஒரே நேரத்துக்கு தானா ஆன் ஆகுற மெஷின். இது ஆர்டிசி, அதாவது மதர்போர்டுல இருக்கற கடிகாரத்தோட அலாரம், பயாஸ்ல பவர் ஆன் பை ஆர்டிசின்னு இருக்கும். யாராவது உள்ள போய் அம்புக்குறி அழுத்தி சுத்திப் பாத்துட்டு சேவ் பண்ணி வெளிய வந்திருப்பாங்க. நேரம் மாறாம வந்தா நேரா அத போய் பாருங்க.

ஜூன் 6

ரெண்டாவதா ஒருத்தர் கேட்டிருக்காரு, அவருக்கு ஷட்டிங் டவுன்னு காட்டிட்டு ஸ்கிரீன் கறுத்துடுது, ஃபேனும் முன்னாடி லைட்டும் எவ்வளவு நேரம் ஆனாலும் ஓடிட்டே இருக்கு. இது முதல் நாள் நடுவுல சொன்ன வகை, விண்டோஸ் முடிச்சும் கரண்ட் கட் ஆகாதது, இதுக்கும் வேக் ஆன் லேனுக்கும் சம்பந்தம் இல்ல, தயவு செஞ்சு மேல சொன்னத எல்லாம் மாத்திட்டு இருக்காதீங்க.

விண்டோஸ் 8ல இருந்து, அதாவது 2012ல இருந்து, ஷட்டவுன்ங்கிறது முழு ஷட்டவுன் இல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்னு ஒண்ணு பெரும்பாலும் தானா ஆன்ல இருக்கும். உங்க புரோகிராம எல்லாம் மூடிட்டு விண்டோஸோட உள்பகுதியையும் டிரைவர்களையும் அப்படியே ஹைபர்ஃபில் ஃபைல்ல எழுதி வச்சுட்டு ஆஃப் ஆகும், அதாவது பாதி ஹைபர்னேட் (இருக்கற நிலைய டிஸ்க்ல எழுதி வச்சுட்டு அணையுறது). டாஸ்க் மேனேஜர்ல அப்டைம் பாருங்க, தினம் ஷட்டவுன் பண்றவங்களுக்கும் பல நாள் ஓடினதா காட்டும், அதான் காரணம். ரீஸ்டார்ட் பண்ணா முழுசா புதுசா ஏறும்.

அதனால முதல் சோதனை: ஷிஃப்ட் கீய அழுத்திப் புடிச்சுட்டே ஷட்டவுன கிளிக் பண்ணுங்க. அது முழு ஷட்டவுன். அப்ப ஒழுங்கா ஆஃப் ஆனா உங்க சிக்கல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்புக்கும் எதோ ஒரு டிரைவருக்கும் நடுவுல. அப்பவும் ஆஃப் ஆகலன்னா பயாஸ் பக்கம்.

ஜூன் 6, ராத்திரி, கொஞ்சம் பழைய கதை

ஏன் பயாஸ் பக்கம்னு சொல்றேன்னா கரண்ட கட் பண்றது விண்டோஸ் நேரடியா பண்ற வேலை இல்ல. பவர் விஷயத்த விண்டோஸும் பயாஸும் பேசிக்கற ஏசிபிஐங்கிற ஏற்பாட்டு வழியா, மதர்போர்டுல இருக்கற சிப்செட்டுக்கு எஸ்5, அதாவது ஆஃப் நிலைக்குப் போன்னு சொல்லும், சிப்செட் தான் பச்ச ஒயர விடும். பழைய ஏடி வகை எஸ்எம்பிஎஸ் காலத்துல இது கிடையாது, பவர் சுவிட்ச் நேரா மெயின் கரண்ட வெட்டும், அதனால விண்டோஸ் 95 ஷட்டவுன் பண்ணா இப்ப நீங்க கம்ப்யூட்டர ஆஃப் பண்ணலாம்னு ஸ்கிரீன்ல எழுதிட்டு நம்ம கைக்காக காத்திருக்கும். 1992ல அதுக்கு முன்னோடியான ஏபிஎம், 1996ல இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூணும் சேர்ந்து கொண்டு வந்த ஏசிபிஐ, நடுவுல 1995ல ஏடிஎக்ஸ். இதெல்லாம் சேர்ந்த பிறகு தான் கம்ப்யூட்டர் தன்னத்தானே ஆஃப் பண்ணிக்க ஆரம்பிச்சுது.

எக்ஸ்பி காலத்துல இந்த சிக்கல நெறைய பாத்திருக்கேன். பயாஸ்ல ஏசிபிஐ டிசேபிள்ல இருக்கும்போது எக்ஸ்பி போட்டா அது ஸ்டாண்டர்டு பிசின்னு, ஏசிபிஐ இல்லாத மெஷினா எடுத்துக்கும், அப்புறம் ஷட்டவுன் பண்ணா ஏடிஎக்ஸ் மெஷின்லயே அந்த பழைய வாசகம் வந்து நிக்கும். சரி பயாஸ்ல இப்ப ஏசிபிஐ ஆன் பண்ணிடலாம்னு பண்ணா சில மெஷின்ல விண்டோஸே ஏறாது, ஏன்னா போடும்போதே முடிவான விஷயம் அது. இப்பவும் பழைய மெஷின்ல லினக்ஸ் போடுறவங்க இன்ஸ்டால் ஆகலன்னு கர்னலுக்கு ஏசிபிஐ ஆஃப்னு கொடுத்து, போட்ட பிறகும் அத எடுக்காம விட்டுடறாங்க, அப்புறம் பவர் ஆஃப் ஆகலன்னு தேடுறாங்க. அந்த வரிய எடுத்துப் பாருங்க முதல்ல.

ஜூன் 8

ஃபேன் நிக்காம ரீஸ்டார்ட் ஆகுறவங்களுக்கு நான் ஒண்ணும் சொல்லல, அது விட்டுப் போச்சு. விண்டோஸ்ல கோளாறு வந்தா தானா ரீஸ்டார்ட் பண்ணுனு ஒரு செட்டிங் ஆன்ல இருக்கும். ஷட்டவுன் நடுவுல ப்ளூ ஸ்கிரீன் வந்தாலும் கண்ணுக்குத் தெரியறதுக்குள்ள மறைஞ்சு ரீஸ்டார்ட் ஆயிடும், நமக்கு ஷட்டவுன் கொடுத்தேன் ரீஸ்டார்ட் ஆகுதுன்னு தான் தோணும். சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸ்ல ஸ்டார்ட்டப் அண்டு ரெகவரில போய் அந்த டிக்க எடுத்துட்டு ஷட்டவுன் கொடுங்க. ப்ளூ ஸ்கிரீன் நின்னுடும், படிக்கலாம். டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெய்லியர்னு, ஸ்டாப் கோடு 9எஃப், வந்தா எதோ ஒரு டிரைவர் தூங்கப் போன்னு சொன்னதுக்கு பதில் சொல்லாம இழுத்தடிக்குது. வைஃபை, யூஎஸ்பி, கிராஃபிக்ஸ் டிரைவர அந்த வரிசைல பாப்பேன் நான்.

விண்டோஸோட பதிவேடான ஈவென்ட் வியூவரும் பாருங்க. சிஸ்டம் லாக்ல ஈவென்ட் நம்பர் 1074 வந்தா ஷட்டவுன யார் கேட்டாங்க, பவர் ஆஃபா ரீஸ்டார்ட்டான்னு எழுதியிருக்கும். 41 வந்தா முறையா மூடாம அணைஞ்சிருக்குன்னு அர்த்தம், 6008ம் அதே தான். 41ல பக்செக்கோடு 0ன்னு இருந்தா ப்ளூ ஸ்கிரீன் பதிவே ஆகல, பட்டுன்னு போயிருக்கு. 41ங்கிறது வியாதியோட பேர் இல்ல, செத்துப் போச்சுன்னு ஒரு பதிவு, அவ்வளவு தான். கர்னல் பவர் 41 எரர்னு தேடி கிடைக்குற ரெஜிஸ்ட்ரி மருந்து எதையும் போடாதீங்க.

ஜூன் 8, ராத்திரி

பட்டுன்னு அணையுற கேஸ் கேட்டவங்களுக்காக. ஆன் பண்ணி கரெக்டா நாலு செகண்ட்ல ஆஃப் ஆகுதுன்னா மத்த எதையும் பாக்குறதுக்கு முன்னாடி முன்பக்க பவர் பட்டன பாருங்க. பட்டன நாலு செகண்ட் அழுத்திப் புடிச்சா கட்டாய ஆஃப்ங்கிறது ஏசிபிஐலயே இருக்கற விஷயம். பட்டன் உள்ள சிக்கிட்டு அழுந்தினபடியே இருந்தா மெஷின் நீங்க புடிச்சிருக்கீங்கன்னு தான் நினைக்கும். மதர்போர்டுல பவர் சுவிட்ச் கனெக்டர கழட்டிட்டு அந்த ரெண்டு பின்ன ஸ்க்ரூ டிரைவர் நுனியால ஒரு தொடு தொட்டு ஆன் பண்ணிப் பாருங்க, ஓடினா குத்தம் பட்டன்ல.

பயாஸ்ல சிபியூ ஷட்டவுன் டெம்பரேச்சர்னு சில மதர்போர்டுல இருக்கும். யாராவது பாதுகாப்புன்னு நினைச்சு 60 வச்சிருந்தா லேசான வேலைக்கே அணையும். இன்டெல் டெஸ்க்டாப் சிப் பலதுக்கு உச்ச வெப்பம் 100 டிகிரி செல்சியஸ் பக்கத்துல, அதுக்கு முன்னாடியே சிப் தன் வேகத்த கொறச்சுக்கும், அதனால அந்த செட்டிங்க டீஃபால்ட்ல விட்டுடறது நல்லது. மூணு பின் ஃபேன பிடபிள்யூஎம் மோட்ல (நாலாவது பின் சிக்னல்ல வேகத்த மாத்துறது) வச்சா எப்பவும் முழு வேகத்துல சுத்தும், அது சத்தம் தான் ஆபத்து இல்ல. நாலு பின் ஃபேன டிசி மோட்ல (வோல்டேஜ வச்சு வேகத்த மாத்துறது) வச்சு வோல்டேஜ ரொம்ப கொறச்சா நின்னே போகலாம், அது ஆபத்து.

ரேமுக்கு எக்ஸ்எம்பி (ரேம பெட்டில போட்ட வேகத்துல ஓட்டுற பயாஸ் செட்டிங்) ஆன் பண்றத யாரும் ஓவர்கிளாக்னு, வழக்கமான வேகத்த தாண்டி ஓட்டுறதுன்னு எண்ணிக்கிறதே இல்ல, ஆனா அது ஓவர்கிளாக் தான். பெட்டில போட்டிருக்கிற வேகம் அந்த ரேமுக்கு, உங்க சிபியூவும் மதர்போர்டும் நாலு ஸ்லாட்லயும் ரேம் போட்டு அத தாங்கணும்னு ஒரு கட்டாயமும் இல்ல. எக்ஸ்எம்பிய ஆஃப் பண்ணிட்டு சில நாள் ஓட்டிப் பாருங்க, நின்னா அங்கேர்ந்து ஆரம்பிக்கலாம். சும்மா இருக்கும்போது மட்டும் உறைஞ்சு போற முதல் தலைமுறை ரைசன் (ஏஎம்டி சிபியூ) இருந்தா, 2017ல வந்தது, பயாஸ்ல பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்னு இருக்கும், அத டிபிகல் கரன்ட் ஐடில்னு வைங்க.

ஜூன் 9

முதல்ல கேட்டவர் எழுதியிருக்காரு: டிரைவர்ல ஷட்டவுன் வேக் ஆன் லேன் எடுத்தாரு, பயாஸ்ல பிசிஐ-இ பவர் ஆன் எடுத்தாரு, லேன் கேபிளோட ஷட்டவுன் பண்ணா ஆஃப்லயே இருக்கு. ரொம்ப சந்தோஷம். எஸ்எம்பிஎஸ் காசு உங்க கைல இருக்கட்டும்.

ஆனா பிளக் சுவிட்ச போட்ட உடனே மெஷின் தானா ஆன் ஆகுதுன்னு இப்ப புதுசா சொல்றாரு. அது பயாஸ்ல ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ், பவர் ஆன்னு இருந்தா அப்படித் தான் ஆகும், கரண்ட் போய் வந்தா தானா எழணும்னு சர்வருக்கு வைக்குற செட்டிங். பவர் ஆஃப்னு மாத்துங்க. லாஸ்ட் ஸ்டேட்னு வச்சா வேலைக்கு நடுவுல கரண்ட் போச்சுன்னா வந்ததும் ஆன் ஆகும், வீட்டு மெஷினுக்கு நான் அத வைக்க மாட்டேன். கரண்ட் விட்டு விட்டு வர்ற நேரத்துல அது எழுந்து விழுந்து எழுந்து விழும், ஹார்டு டிஸ்குக்கு நல்லதில்ல.

இந்த செட்டிங் எல்லாம் வச்ச பிறகும் தினம் காலைல டீஃபால்ட்டுக்கு போய் நிக்குது, தேதியும் தப்பா காட்டுதுன்னா பயாஸ் பேட்டரி, சிஆர்2032, 3 வோல்ட் பட்டன் செல், தீந்து போச்சு. பிளக் சுவிட்ச ராத்திரி ஆஃப் பண்றவங்க வீட்டுல அது சீக்கிரம் தீரும், ஸ்டாண்ட்பை கரண்ட் இல்லாத நேரம் முழுக்க அது தான் தாங்குது. மாத்திட்டு மறுபடி எல்லா செட்டிங்கையும் வைங்க. வைக்கும்போது ஒவ்வொரு பயாஸ் பக்கத்தையும் ஃபோன்ல ஒரு படம் புடிச்சு வச்சுக்கோங்க, அடுத்த அப்டேட்டுக்கு அப்புறம் எது மாறிச்சுன்னு பக்கத்துல வச்சு பாக்கலாம்.

ஜூன் 11

ஃபேன் ஓடிட்டே இருக்குன்னு சொன்னவர், ஷிஃப்ட் அழுத்தி பண்ணா ஆஃப் ஆகுது, சாதாரணமா பண்ணா ஆகல, அதனால ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்ப எடுத்துட்டேன், பிரச்சனை தீந்துதுன்னு எழுதியிருக்கீங்க. ஓடட்டும், எஸ்எஸ்டி இருந்தா ஆன் ஆகுற நேரத்துல பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனா ஹைபர்னேட் கொடுத்தா என்ன ஆகுதுன்னு ஒரு தடவ பாருங்க, எனக்கென்னவோ அதுலயும் இப்படியே தொங்கும்னு தோணுது. தொங்கினா மதர்போர்டு கம்பெனி சைட்லேர்ந்து உங்க மாடலுக்கான சிப்செட் டிரைவர எடுத்து போடுங்க, விண்டோஸ் தானா போட்டத நம்பாதீங்க. போட்டுட்டு ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்ப திரும்ப ஆன் பண்ணி ஷட்டவுன் கொடுங்க. ஃபேன் நின்னுச்சா இல்லையான்னு மட்டும் எழுதுங்க, மிச்சத்த அப்புறம் பாக்கலாம்.